கடல் பாசியும் வைரஸும் படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் ஐயா. கடலில் பெருகும் நச்சுப்பாசிகளையும் அவற்றைத் தாக்கும் வைரஸ்களையும் ஆராயப் போகிறேன் என்று பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் சொல்வதாகவும், அதற்கெல்லாம் யார் வேலை தருவார்கள் என்று புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான்.

ராமநாதபுரத்துக்காரரான உங்களுக்கு 2019 செப்டம்பர் நினைவிருக்கும். மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் நாக்டிலூகா என்ற நுண்பாசிதான் காரணம். அது மொத்தமாகப் பெருகி, மடிந்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. இப்படிப்பட்ட பெருக்கத்தை முன்கூட்டியே கண்டு எச்சரிப்பதற்கு ஆட்கள் வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸ் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பாசிப் பெருக்கத் தகவல் தருகிறது. ஆனால் செயற்கைக்கோளுக்குத் தெரிவது கடலின் நிறம். எந்த இனம், நஞ்சுள்ளதா இல்லையா என்பதைத் தண்ணீரை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். பாசி இனத்தைப் பார்த்தவுடன் அடையாளம் சொல்லும் கண், பல வருடப் பழக்கத்தில்தான் வரும். உங்கள் மகள் முதலில் வளர்த்துக்கொள்ள வேண்டியது அதைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

வைரஸ் பக்கம் இன்னும் சுவாரஸ்யமானது, ஆனால் குறுகலானது. ஜப்பானில் சிப்பிகளைக் கொல்லும் ஹெட்டிரோகாப்சா என்ற பாசியைத் தாக்கும் வைரஸைப் பிரித்தெடுத்து, அந்த வைரஸ் தங்கியிருக்கும் கடலடிச் சேற்றை வைத்தே பாசியை அடக்க முடியுமா என்று சோதித்திருக்கிறார்கள். இந்த மாதிரி வேலைக்கு முனைவர் பட்டம் இல்லாமல் முடியாது.

அதனால் இளநிலையில் 'கடல்' என்ற பெயர் உள்ள படிப்பைத் தேடி அலைய வேண்டாம். நல்ல கல்லூரியில் பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி (நுண்ணுயிரியல்) போதும். அப்புறம் முதுநிலைக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம் இருக்கிறது. மரபணுத் தரவுகளை அலச பைத்தான், ஆர் என்ற கணினி நிரல் மொழிகள் இரண்டில் ஒன்றை இப்போதே தொடங்கட்டும்.

பண விஷயத்தை மறைக்க மாட்டேன். நிரந்தர வேலைகள் குறைவு. தொடக்கத்தில் கிடைப்பவை பெரும்பாலும் ஒப்பந்தத் திட்டப் பணிகள்தான். முதுநிலை முடித்தவர்கள் எழுதும் தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யலாம். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது வரை நிலையான சம்பளம் இருக்காது என்று வீட்டில் எல்லோரும் மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். நடுவில் விட்டாலும் படிப்பு வீணாகாது. இறால் குஞ்சுப் பொரிப்பகங்களுக்கும் மீன் ஏற்றுமதி பரிசோதனைக் கூடங்களுக்கும் மைக்ரோபயாலஜி படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

பெண் பிள்ளை படகில் கடலுக்குப் போக வேண்டுமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். போகத்தான் வேண்டும், ஆனால் குழுவாகத்தான் போவார்கள். வேலையில் பெரும்பகுதி ஆய்வகத்தில்தான்.

சரி, இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். கல்லூரியில் பணம் கட்டும் முன் மகளோடு போய் அங்குள்ள ஆய்வகத்தைப் பாருங்கள். ஒரு மைக்ராஸ்கோப்பை எத்தனை மாணவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.