எண்ணெய் ஃபர்னஸை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைத்தால் கனடா அரசின் பணம் உண்மையிலேயே கைக்கு வருமா?

கேள்வி: "நோவா ஸ்கோஷியாவில் எண்ணெயில் சூடாகும் பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். ஹீட் பம்புக்கு மாறினால் அரசு பெரிய தொகை தரும் என்கிறார்கள். நம்பி இறங்கலாமா?"

வரும். எங்களுக்கு 20,000 டாலர் வந்தது. இதே மாகாணத்து டார்ட்மவுத் ஊரில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரருக்கு ஒரு சல்லிக்காசுகூட வரவில்லை. இத்தனைக்கும் அவர் வைத்த ஹீட் பம்ப், அதாவது வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் இயந்திரம், எங்களுடையதைவிட உயர்ந்தது. நாங்கள் முதலில் காகிதத்தையும் பிறகு இயந்திரத்தையும் பார்த்தோம். அவர் அதைத் தலைகீழாகச் செய்துவிட்டார். அவ்வளவுதான் வேறுபாடு.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. எண்ணெயை எரித்து வீட்டைச் சூடாக்கும் அவருடைய ஃபர்னஸ் ஜனவரி நடுவில் நின்றுபோனது. வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். யார் முதலில் வர முடியும் என்றாரோ அவரைக் கூப்பிட்டு மூன்றே நாளில் ஹீட் பம்ப் வைத்துக்கொண்டார். அப்போது நடப்பில் இருந்தது வீட்டின் ஆற்றல் செலவைக் குறைக்க மத்திய அரசு 2021 மே மாதம் தொடங்கிய கிரீனர் ஹோம்ஸ் மானியம். அதிகபட்சம் 5,000 டாலர். அதன் முதல் விதியே, வேலை தொடங்குவதற்கு முன் ஓர் ஆற்றல் மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்து அளக்க வேண்டும் என்பதுதான். வாசற்கதவில் ஒரு பெரிய மின்விசிறியைப் பொருத்தி, எந்த இடுக்கில் காற்று கசிகிறது என்று பார்ப்பார்கள். வேலை முடிந்தபின் மறுபடி வந்து அளப்பார்கள். இவர் விண்ணப்பிக்கப் போனபோது 'முன்' என்று அளப்பதற்கு எதுவும் மிச்சம் இல்லை; பழைய ஃபர்னஸ் இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த மானியமே 2024 தொடக்கத்தில் புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. எனவே இணையத்தில் பழைய பதிவுகளைப் படித்துவிட்டு அதைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

எங்களுக்குக் கிடைத்தது வேறு திட்டம். எண்ணெயிலிருந்து ஹீட் பம்புக்கு மாறுகிறவர்களுக்கென்றே 2022 நவம்பரில் மத்திய அரசு 25 கோடி டாலர் ஒதுக்கி அறிவித்தது. நடுத்தர வருமானமும் அதற்குக் கீழும் உள்ள குடும்பங்களுக்கு மட்டும். கையிலிருந்து முழுப் பணத்தையும் போட்டுவிட்டு, காசோலை எப்போது வரும் என்று தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. பணத்தை முன்கூட்டியே தருவதுதான் இதன் அடிப்படை. பழைய மானியத்தின் பெரிய குறையே அதுதான்: 5,000 டாலர் திரும்பப் பெறுவதற்கு முதலில் 15,000 டாலர் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு பணம் வைத்திருப்பவனுக்கு மானியம் எதற்கு?

2023 அக்டோபர் 26 அன்று அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, மாகாணத்தோடு சேர்ந்து நடத்தப்படும் இடங்களில் மத்திய அரசின் பங்கை 10,000 டாலரிலிருந்து 15,000 ஆக உயர்த்தினார். மாகாணம் 5,000 போட்டால் கூட்டுத்தொகை 20,000. அதே நாளில், வீட்டு எண்ணெய்க்கு மட்டும் கார்பன் வரியை, அதாவது எரிபொருள் கக்கும் கரிமப் புகைக்கான வரியை, மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்திவைப்பதாகவும் சொன்னார். அந்த வரி எங்கள் மாகாணத்துக்கு வந்தே நான்கு மாதம்கூட ஆகவில்லை. லிட்டருக்கு ஏறத்தாழ 17 சென்ட். இயற்கை எரிவாயுவில் வீட்டைச் சூடாக்கும் மேற்கு மாகாணத்துக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அந்த மேற்கு மாகாணங்களில் ஒன்றான சஸ்காச்சுவானின் அரசு 2024 ஜனவரி முதல் எரிவாயுவுக்கு அந்த வரியை வசூலிப்பதையே நிறுத்திவிட்டது. எங்களைப் போன்ற கிழக்குக் கரை அட்லாண்டிக் மாகாணங்களின் வாக்குகளுக்காகத்தான் இதெல்லாம் என்று அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் இங்கே எரிவாயுக் குழாய் பெரும்பாலான தெருக்களை எட்டியே பார்த்ததில்லை; எண்ணெய் எங்களுக்கு ஆடம்பரமாக வாய்த்ததல்ல. பிறகு 2025 ஏப்ரல் 1 அன்று அந்த வரி எல்லா எரிபொருளுக்கும் நீங்கிவிட்டதால் சண்டையும் ஓய்ந்தது.

இனி உங்கள் விஷயம். வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், நீங்களே குடியிருக்க வேண்டும், குடும்பத்தின் வரி போக மிஞ்சும் வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும். இவை எல்லோரும் கேள்விப்பட்டவை. பலர் சறுக்குவது எண்ணெய் ரசீதில். விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 500 லிட்டர் எண்ணெய் வாங்கியதற்கு ஆதாரம் கேட்பார்கள். ரசீதில் பெயர், முகவரி, தேதி, லிட்டர் நான்கும் தெரிய வேண்டும். நாங்கள் ஒரு குளிர்காலம் முழுக்க, லிட்டருக்கு ஐந்தாறு சென்ட் குறைவு என்று ஒருவரிடம் ரொக்கத்துக்கு வாங்கிக்கொண்டிருந்தோம். அவர் கொடுத்த துண்டுச்சீட்டில் தொகை மட்டும் இருந்தது. லிட்டரும் இல்லை, எங்கள் பெயரும் இல்லை. நான்கு சீட்டுகள், நான்கும் குப்பை. மறுபடி ஒழுங்கான இடத்தில் ஒருமுறை டேங்க் நிரப்பி அந்த ரசீதை வைத்துத்தான் விண்ணப்பித்தோம். வீட்டு டேங்க் பொதுவாக 900 லிட்டர் பிடிக்கும். ஆகவே, இப்போதுதான் வீடு வாங்கிய நீங்கள் முன்னாள் உரிமையாளரின் ரசீதுகளுக்காக அலைய வேண்டாம். உங்கள் பெயரில் ஒரே ஒரு நல்ல நிரப்பல் போதும்.

விலைப்புள்ளி கேட்கும்போது 'மானியம்' என்ற சொல்லை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடாதீர்கள். எங்கள் வீட்டைப் பார்த்த மூவரில் ஒருவர், திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எழுதவே தொடங்கினார். அவர் எழுதிய தொகை அந்த எண்ணுக்கு நூறு டாலர் கூடக் குறையவில்லை. இயந்திரத்தின் மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, அது அரசின் தகுதிப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

எங்கள் வீட்டில் காற்றுக் குழாய்கள் கிடையாது. பாய்லர் தண்ணீரைச் சூடாக்கி, சுவரோரக் குழாய்களில் ஓடவிடும் பழைய ஏற்பாடு. அதனால் சுவரில் மாட்டும் உட்பெட்டிகள் மூன்று வைத்தோம். அப்போது மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமியார் அவற்றை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏசியை மாட்டிவிட்டு ஹீட்டர் என்று ஏமாற்றுகிறார்கள், மாப்பிள்ளை" என்றார். ஏமாற்று என்பதைத் தவிர மற்றது சரி. மதுரையில் ஏசியின் வெளிப்பெட்டி அறையின் வெப்பத்தை அள்ளித் தெருவில் கொட்டுகிறதல்லவா, இங்கே அதே பெட்டி தெருவின் வெப்பத்தை அள்ளி அறைக்குள் கொட்டுகிறது. வெளியே சுழியத்துக்குக் கீழே 15 டிகிரி என்றால் வெப்பம் ஏது என்று கேட்பீர்கள். அந்தக் காற்றைவிடக் குளிர்ந்த திரவத்தைச் சுருள் குழாயில் ஓடவிட்டால், அந்தக் காற்றும் அதற்குச் சூடுதான். மின்சாரம் வெப்பத்தை உண்டாக்கச் செலவாவதில்லை, சுமந்து கொண்டுவரச் செலவாகிறது.

கணக்கை நான் பழைய பில்களின் பின்பக்கத்தில் போட்டேன். ஒரு லிட்டர் எண்ணெயில் ஏறத்தாழ 10.6 யூனிட் வெப்பம் இருக்கிறது. எங்கள் பழைய பாய்லர் அதில் ஐந்தில் ஒரு பங்கைப் புகைபோக்கிக்குத் தாரைவார்த்துவிடும், மிஞ்சுவது எட்டரை. ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக இரண்டரை யூனிட் வெப்பம் தருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் எண்ணெய் செய்த வேலைக்கு 3.4 யூனிட் மின்சாரம் போதும். அப்போது யூனிட் ஏறத்தாழ 18 சென்ட்; அப்படியென்றால் 60 சென்ட்டைச் சற்றுத் தாண்டும். எண்ணெய் லிட்டருக்கு நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்தது ஒன்றரை டாலருக்கு மேல். (இங்குள்ள மின்சாரத்தில் இன்னும் நிலக்கரி இருக்கிறது என்று ஒரு நண்பர் குத்திக்காட்டுவார். இருக்கிறது, 2030-க்குள் நிறுத்துவதாகச் சட்டம். அதுவரை, புகைபோக்கியில் போனது என் பணம் என்பதே எனக்குப் போதுமான காரணம்.)

இயந்திரமும் பொருத்துகூலியும் 16,400 டாலர். ஆனால் செலவு அதோடு நிற்கவில்லை. அந்தப் பாய்லர்தான் குளியலறைக்கும் வெந்நீர் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் குளிப்பது எப்படி என்ற கேள்வி வேலைக்கு நாள் குறித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. மின்சார வாட்டர் ஹீட்டருக்கு 2,200. வீட்டின் மின்பலகை 100 ஆம்பியர்; அதை 200 ஆக்க 3,100. டேங்கை அகற்ற 900. எல்லாம் சேர்த்து 22,600, எங்கள் கையிலிருந்து போனது 2,600. மின்பலகை, வாட்டர் ஹீட்டர், டேங்க் அகற்றுதல் ஆகியவற்றுக்கும் திட்டம் பணம் தருகிறது என்பது பலருக்குத் தெரியாது. விலைப்புள்ளியில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தையில் விட்டால் மூன்றும் உங்கள் தலையில்தான் விழும்.

இன்னொன்றும் யாரும் சொல்லித்தரவில்லை. பாய்லர் கீழ்த்தளத்தில் சும்மா நின்றே அந்த இடத்தைச் சூடாக வைத்திருந்தது. அது போன முதல் குளிர்காலத்தில் கீழே இறங்கினால் கிணற்றுக்குள் இறங்கியதுபோல் இருந்தது. தண்ணீர்க் குழாய்கள் ஓடுவதும் அங்கேதான். குழாய் உறைந்து வெடித்தால் மிச்சம் பிடித்த பணமெல்லாம் தண்ணீரோடு போய்விடும். சுவரோர மின்சார ஹீட்டர் ஒன்றை அங்கே வைத்து, குறைந்த சூட்டில் விட்டிருக்கிறோம். துணை ஹீட்டரும் திட்டத்துக்குள் வரும். நாங்கள் கேட்கத் தவறிவிட்டோம்.

கடுங்குளிரில் வேலை செய்யுமா? குளிர் நாடுகளுக்கென்று செய்த மாடலாக இருந்தால் செய்யும். சுழியத்துக்குக் கீழே 25 வரை தாங்குபவை இருக்கின்றன. ஆனால் குளிர் ஏற ஏறத் திறன் இறங்கும், அந்த நாட்களில் மின்கட்டணம் ஏறும். ஒரு பிப்ரவரி காலையில் மாமியார் ஓடிவந்து, "மாப்பிள்ளை, வெளியே பெட்டி எரிகிறது!" என்றார். போய்ப் பார்த்தால், இட்லிப் பானையைத் திறந்ததுபோல் வெளிப்பெட்டியிலிருந்து ஆவி பொங்கிக்கொண்டிருந்தது. சுருள் குழாயில் படிந்த பனிப்படலத்தை உருக்க இயந்திரம் சில நிமிடம் தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் உள்ளே சூடான காற்று வராது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் உருகிய நீர் கீழே ஒழுகிப் பனிக்கட்டியாகும். எனவே பெட்டியை நடைபாதைக்கு மேலே வைக்க விடாதீர்கள், தரையிலிருந்து உயர்த்தியே வைக்கச் சொல்லுங்கள்.

மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்று எண்ணெய்க் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். 2022 செப்டம்பரில் ஃபியோனா புயல் அடித்தபோது எங்களுக்கு ஐந்து நாள் மின்சாரம் இல்லை. அப்போது எங்களிடம் இருந்தது எண்ணெய்ப் பாய்லர்தான். டேங்க் நிறைய எண்ணெய் இருந்தும் ஒரு சொட்டு வெந்நீர் கிடையாது, ஏனென்றால் அதன் பர்னருக்கும் பம்புக்கும் மின்சாரம் வேண்டும்.

உண்மையில் எங்களை நகர்த்தியது மானியம் அல்ல, ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம். டேங்குக்கு வயதாகிவிட்டது, மாற்றாவிட்டால் பாலிசியைப் புதுப்பிக்க முடியாது என்றார்கள். எண்ணெய் கசிந்து மண்ணில் இறங்கினால் சுத்தம் செய்யும் செலவு வீட்டையே விழுங்கும். வாங்கிய வீட்டின் டேங்குக்கு எத்தனை வயது என்பதை இன்றே பாருங்கள். அதன் பக்கவாட்டில் உள்ள தகட்டில் ஆண்டு அச்சிட்டிருக்கும். பழையது என்றால் உங்களுக்கு அவகாசம் குறைவு. விண்ணப்பம் போட்டு ஒப்புதல் வர எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. ஆகையால் கோடையிலேயே தொடங்குங்கள், அதுவும் நிதி இப்போது திறந்திருக்கிறதா என்று மாகாணத்தின் ஆற்றல் சேமிப்பு அமைப்பான எஃபிஷியன்சி நோவா ஸ்கோஷியாவிடம் கேட்டுவிட்டு.

டேங்கை எடுக்கும்போது, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் நிரப்பும் குழாயையும் கையோடு எடுத்துவிடச் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் அதை மறந்துவிட்டுக் கிளம்பினார்கள். மனைவிதான் வண்டியை மறித்துத் திரும்ப அழைத்து வந்தாள். குழாயை உருவி, ஓட்டையைச் சிமெண்டால் அடைத்தார்கள். தானாக வந்து நிரப்பும் ஒப்பந்தத்தை ரத்து செய்ய நாங்கள் மறந்திருந்தோம். அக்டோபரில் ஒரு காலை, எண்ணெய் லாரி வந்து நின்றது. ஓட்டுநர் குழாயை இழுத்துக்கொண்டு வழக்கமான இடத்துக்குப் போனார், சுவரைத் தடவிப் பார்த்தார், சிமெண்ட் பூச்சில் விரலை வைத்தபடி ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்தார்.