டியூக்கை நம்பாதீர்கள், வக்கீலை நம்புங்கள்

கேள்வி: 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து மாளிகைகளில் நடக்கிற காதல் நாவல்கள் என்றால் எனக்கு உயிர். கதாநாயகன் எப்போதும் டியூக், அதாவது பிரபுக்களிலேயே உயர்ந்த பட்டக்காரன். காதலர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஸ்காட்லாந்துக்கு ஓடுகிறார்கள். அப்பா செத்ததும் வீடு தூரத்து உறவுக்காரனுக்குப் போய்விடுகிறது. "எல்லாம் கட்டுக்கதைம்மா" என்கிறாள் மகள். எதைத்தான் நம்புவது?
- வாசகி, ஈரோடு

பதில்: டியூக் விஷயத்தில் மகள் சொல்வது சரிதான், ஒப்புக்கொண்டு விடுங்கள். அரச குடும்பத்தைக் கழித்தால் நாடு முழுக்க முப்பது டியூக் தேறினாலே பெரிய விஷயம், அதிலும் கிழவர்களையும் கல்யாணமானவர்களையும் தள்ளிவிட்டால் மிச்சம் யார்? நாவல்களிலோ தெருவுக்கு ஒருவர், அதுவும் வாய் நிறையப் பல்லோடு!

மற்ற இரண்டும் அப்படியில்லை. 21 வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோரை மீறிக் கல்யாணம் செய்துகொள்வதை 1754-இல் அமலுக்கு வந்த சட்டம் இங்கிலாந்தில் மிகவும் கடினமாக்கியது. ஸ்காட்லாந்தில் அது செல்லாது, சாட்சிகள் முன்னால் இருவரும் சம்மதம் சொன்னாலே போதும், எல்லையைத் தாண்டியதும் வருகிற ஊர் கிரெட்னா கிரீன் என்பதால் ஜோடிகள் அங்கே ஓடின. 1856-இல் அதற்கும் கடிவாளம் வந்தது, இருவரில் ஒருவராவது மூன்று வாரம் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்று. ஆகவே 1870-இல் நடக்கிற கதையில் வண்டியை விட்டு இறங்கிய கையோடு கல்யாணம் என்றால் சிரித்துக்கொள்ளலாம்.

வீடு கைமாறுவதும் நிஜம். நிலம் துண்டு துண்டாகப் போனால் குடும்பத்தின் செல்வாக்கும் போய்விடும் என்று, விற்கவும் பிரிக்கவும் முடியாதபடி ஆண்வாரிசுக்கு என்றே எழுதிக் கட்டிப்போட்டார்கள். மகன் இல்லையா, அடுத்த ஆண் யாரோ அவனுக்கு.

ஆனால் எனக்குப் பிடித்த இடம் வேறு. இந்தக் கதைகளில் வக்கீல் வருகிற பக்கங்களைப் பலர் புரட்டிவிட்டுப் போகிறார்கள், பயமே அங்கேதான் இருக்கிறது. கல்யாணத்தில் விரலில் மோதிரம் ஏறியதும் பெண்ணின் ரொக்கமும் நகையும் பொதுவாகப் புருஷனுடையவை, அவள் நிலத்தின் வருமானமும் அவன் கையில். பெண் வீட்டார் முன்னாலேயே பத்திரம் எழுதி, சொத்தை அவளுக்காகப் பார்த்துக்கொள்ளும் அறங்காவலர்களிடம் ஒப்படைத்திருந்தால்தான் தப்பும். மனைவியின் சம்பாத்தியம் அவளுக்கே என்று ஆனது 1870-இல், சொத்து முழுக்க அவள் பெயரில் நிற்க 1882 ஆனது. விவாகரத்தோ, 1857 வரை முழுதாகப் பிரிந்து மறுமணம் செய்ய வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வேண்டும். அதற்குப் பிறகும் மனைவியின் கள்ளத்தொடர்பை நிரூபித்தால் கணவனுக்குப் போதும், மனைவிக்கோ கணவனின் கள்ளத்தொடர்போடு கொடுமை, கைவிட்டது என்று இன்னொன்றையும் காட்டியாக வேண்டும். இதெல்லாம் தெரிந்தால், பணக்காரப் பெண் ஏன் இருநூறு பக்கம் தயங்குகிறாள் என்று எரிச்சல் வராது.

அடுத்த நாவலை எடுத்ததும் கதை எந்த வருடம் நடக்கிறது என்று முதலில் பாருங்கள். 1815-இல் எந்தப் பத்திரமும் இல்லாமல் மனைவி தன் பணத்தைத் தன் இஷ்டத்துக்குச் செலவழித்தால் எழுத்தாளர் கோட்டை விட்டிருக்கிறார். அதற்காக மூடி வைத்துவிடாதீர்கள், காதல் நன்றாக இருந்தால் படித்து முடியுங்கள்.