படித்து முடிக்கவில்லையா? பரவாயில்லை, வந்துவிடுங்கள்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், சுங்கை சிப்புட்டில் ஒரே இடைநிலைப்பள்ளியில் படித்தவர்கள். ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியமும் எடுத்தோம். இப்போது ஒருத்தி சபாவின் கோத்தா கினபாலுவிலும் இன்னொருத்தி சென்னையிலும் படிக்கிறார்கள். ஒருவனுக்குச் சிங்கப்பூரில் ஷிப்ட் வேலை. நானும் ஒரு தோழியும் ஊரிலேயே இருக்கிறோம். மாதம் ஒரு நாவல் படித்து இணையத்தில் பேசுவதாகத் தொடங்கினோம். மூன்றாம் மாதம் யாருமே படித்து முடிக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் இப்போது பிறந்தநாள் வாழ்த்து மட்டும்தான். மறுபடி எப்படி ஆரம்பிப்பது?

பதில்: முதலில் நாவலை விடுங்கள். படித்து முடிக்காதவர் சந்திப்புக்கு வரக் கூச்சப்படுவார். ஒரு தடவை வராதவருக்கு அடுத்த தடவை இன்னும் கூச்சம். வாசிப்பு வட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நின்றுபோகின்றன. நேரமில்லை என்பதெல்லாம் அப்புறம் சொல்லும் காரணம்.

ஆகவே வீட்டுப்பாடமே வேண்டாம். ஒரு சிறுகதையை எடுத்து, பேசுகிற அழைப்பிலேயே ஒருவர் மாற்றி ஒருவர் உரக்க வாசியுங்கள். ஏழெட்டுப் பக்கக் கதைக்கு, நிதானமாக வாசித்தாலும், அரை மணி நேரம் போதும். இலவசக் கணக்கில் குழுவாகப் பேச ஜூம் 40 நிமிடமும் கூகுள் மீட் 60 நிமிடமும் தருகின்றன. வாட்ஸ்அப் குரல் அழைப்பில் அந்தக் கணக்கே இல்லை, 32 பேர் வரை சேரலாம். தோட்டத்துப் பக்கம் லைன் திணறும் வீடுகளுக்கு அதுதான் தோது. முகம் பார்க்கும் ஆசையைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தீபகற்ப மலேசியா, சபா, சிங்கப்பூர் மூன்றுக்கும் 1982 முதல் ஒரே நேரம். சென்னை மட்டும் இரண்டரை மணி நேரம் பின்னால். ஆனால் கோத்தா கினபாலுவில் சூரியன் உங்கள் ஊரைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே உதித்துவிடும். அங்கே இருப்பவருக்கு இரவு பத்து மணி என்பது உடம்பளவில் பதினொன்று. எட்டரைக்குத் தொடங்கினால் சென்னையில் மாலை ஆறு, யாருக்கும் சிரமமில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு என்று வைத்துக்கொண்டு அதை மாற்றாதீர்கள். ‘யாருக்கு எப்போது வசதி’ என்று குழுவில் கேட்டால் பதில் வருவதற்குள் மாதம் போய்விடும். சிங்கப்பூர் நண்பருக்கு அன்று ஷிப்ட் விழுந்தால், வாசிப்பை இன்னொரு கைப்பேசியில் பதிவு செய்து அனுப்புங்கள். அவர் கேட்டுவிட்டுத் தன் கருத்தைக் குரல் பதிவாகப் போடட்டும்; அடுத்த சந்திப்பை அதிலிருந்து தொடங்கலாம்.

எஸ்.பி.எம். இலக்கியம் எடுத்தவர்கள் என்கிறீர்கள். அதில் ஒரு தொல்லை உண்டு. கதை முடிந்த உடனே கரு, துணைக்கரு, பாத்திரப்படைப்பு, படிப்பினை என்று வாய் தானாக ஓடும். ஐந்து பேரும் ஒரே விடைத்தாளை ஒப்பித்தால் அப்புறம் பேச என்ன இருக்கிறது? கொஞ்ச நாளைக்கு அந்தச் சொற்களுக்குத் தடை போடுங்கள். எந்தப் பத்தியை வெட்டியிருந்தால் கதை நன்றாக இருந்திருக்கும் என்று கேளுங்கள். கதையில் வரும் அம்மா நம் ஊரில் இருந்திருந்தால் அந்த வீட்டை விட்டுப் போயிருப்பாளா என்று கேளுங்கள். சண்டை வரும், வரட்டும். பால்மரக் காட்டுக் கதை, அதாவது ரப்பர் தோட்டத்துக் கதை என்றால், நடுவில் பெரட்டுக்களமும் (காலையில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிடும் இடம்) கிராணியும் (தோட்டத்துக் கணக்கர்) வருவார்கள். யாருக்காவது புரியவில்லையா? வீட்டில் இருக்கும் பாட்டியை ஸ்பீக்கரில் பேசவிடுங்கள். கதையைவிட அவர் சொல்வது நீண்டுபோனால் நிறுத்த வேண்டாம்.

கதைகளுக்குப் பஞ்சமில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வ முயற்சியான மதுரைத் திட்டத்தின் தளத்தில் பழைய படைப்புகள் இலவசமாகக் கிடைக்கும். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உண்டு. மலேசியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 50 ஆண்டுகள் வரை காப்புரிமை இருக்கிறது. அதனால் நம் நாட்டு எழுத்தாளர்களின் புத்தகத்தை ஸ்கேன் செய்து குழுவில் போடாதீர்கள். சட்டத்தை விடுங்கள், இங்கே பலர் சொந்தக் காசில் அச்சடித்துத் தாங்களே விற்கிறார்கள். அச்சுப் புத்தகம் என்றால் அன்று மட்டும் அதை வைத்திருப்பவரே முழுதும் வாசிக்கட்டும், மற்றவர்கள் கேளுங்கள்; ஒரு பிரதி வாங்கினாலே போதுமே. அதை எழுதியவரிடமே கேட்டு வாங்கினால், ஒரு ஞாயிறு அவரையும் அழைப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

நாவல் ஆசை அப்படியும் போகவில்லை என்றால், எல்லோரும் ஊருக்கு வரும் தீபாவளிக்கு முன் ஒன்றே ஒன்று. பிரதிகளை வாங்கி வைக்கும்படி சென்னைத் தோழியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தபாலில் அனுப்பினால் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடலாம், அதற்கு முந்தைய விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவரட்டும்.