பாடலின் நடுவே இரண்டு பார்களை மட்டும் மாற்றிப் பதிவது எப்படி?

கேள்வி: அகாய் எம்.பி.சி. லைவ் என்ற இசைத் தயாரிப்புக் கருவியில், கணினியுடன் இணைக்காமல், 90 பி.பி.எம். (நிமிடத்துக்கு 90 தாள அடி) வேகத்தில் 16 பார் (நான்கு அடி கொண்ட தாள அலகு) நீளமுள்ள ஒரு சீக்குவென்ஸில் (டிராக்குகள் அடங்கிய இசைத் தொடரில்) தமிழ்ப் பாடல் ஒன்றை ஆடியோ டிராக்கில் பதிந்துள்ளேன். 13, 14ஆம் பார்களில் சுருதி விலகிவிட்டது. அவற்றின் மேல் மட்டும் ஓவர்டப் (பதிந்ததன்மேல் மீண்டும் பதிவது) செய்யலாமா?

பதில்: செய்யலாம்; ஆனால் பேடுகளில் (தட்டி வாசிக்கும் பொத்தான்களில்) நடப்பதுபோல இங்கே நடக்காது. 1988இல் ரோஜர் லின் வடிவமைத்து வெளிவந்த எம்.பி.சி. 60 காலத்திலிருந்தே, பேடுகளில் தட்டிய குறிப்புகளின் மேல் புதியவற்றைச் சேர்ப்பதற்குத்தான் ஓவர்டப் பயன்பட்டு வருகிறது. குறிப்புகள் 'இந்த ஒலியை எழுப்பு' என்னும் வெறும் கட்டளைகள் என்பதால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஆடியோ டிராக்கில் இருப்பதோ பதிவான ஒலியே. அதன்மேல் பதிந்தால், புதிய டேக் (ஒருமுறை பாடிப் பதிந்தது) பழைய பகுதியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பேடு பழக்கத்தில் கைவைப்பவர்கள் நல்ல டேக்கை இழப்பது இங்கேதான்.

எனவே பழைய டிராக்கைத் தொடாமல், இரண்டாவது ஆடியோ டிராக்கில் பதியுங்கள். இரண்டாம் தலைமுறை மென்பொருளில், கணினியின்றி இயங்கும்போது எட்டு ஆடியோ டிராக்குகள் உண்டு. ஒன்றை இதற்கென ஒதுக்குவது பெரிய இழப்பல்ல. 13ஆம் பாரின் வாசலில் நின்று பதிவைத் தொடங்காமல், 11ஆம் பாரிலிருந்தே பதிந்து, முந்தைய வரியையும் சேர்த்துப் பாடுங்கள். அந்த வேகத்தில் இரண்டு பார் என்பது சுமார் 5.3 விநாடி, மூச்சும் சுருதியும் குரலின் அழுத்தமும் பழைய டேக்குடன் ஒன்றுவதற்கு அது போதும். கவுண்ட்-இன் (பதிவுக்கு முன் ஒலிக்கும் தாள எண்ணிக்கை) மட்டும் வைத்துக்கொண்டால் கிளிக் ஒலிதான் கேட்கும், சுருதி கிடைக்காது. வரி அதீத எடுப்பில், அதாவது தாளம் விழுவதற்கு முன்பே தொடங்குமானால், பார்க் கோட்டில் வெட்டுவது முதல் எழுத்தை விழுங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதிந்தபின் இரு டிராக்குகளிலும் தேவையற்ற பகுதிகளை வெட்டுங்கள். எங்கே வெட்டுவது என்பதில்தான் வேலையின் நுட்பம் இருக்கிறது. மூச்சு இழுப்பதற்குச் சற்று முன்புள்ள அமைதி முதல் தேர்வு. அது கிடைக்காவிட்டால், 'பக்கம்', 'பட்டு' போன்ற சொற்களில் இரட்டிக்கும் வல்லினத்தின் அடைப்பைத் தேடுங்கள். உதடோ நாவோ மூடியிருக்கும் அந்தக் கணத்தில் ஏறக்குறைய ஒலியே இராது என்பதால், அங்கே ஒட்டியது காதுக்குத் தெரியாது. இவ்வகையில் தமிழ்ப் பாடகர்களுக்கு மொழியே கைகொடுக்கிறது. நீளும் ஆகாரத்தின் நடுவே வெட்டினால் எந்த ஃபேடும் (ஒலியைப் படிப்படியாக ஏற்றுவதோ இறக்குவதோ) அதை முழுமையாக மறைக்காது. மற்ற இடங்களில், பழைய துண்டின் முடிவிலும் புதிய துண்டின் தொடக்கத்திலும் 5 முதல் 10 மில்லி விநாடி ஃபேடு வைத்தால் 'டிக்' ஒலி வராது.

மைக்கின் தூரமும் உள்ளீட்டு அளவும் முதல் நாள் இருந்தபடியே இருக்கட்டும். ஒரு சாண் விலகினாலும் குரலின் நிறம் மாறுவது கேட்கும். முதல் டிராக்கிலுள்ள எஃபெக்ட்களை இரண்டாவதிலும் அதே அளவில் வையுங்கள்.

இடைவிடாத கித்தார் மீட்டல் போன்றவற்றில் நேரடிப் பஞ்ச்-இன் (அதே டிராக்கில் தவறிய இடத்தில் மட்டும் பதிவது) விரைவானது என்பதை மறுக்கவில்லை. அப்போதும் சீக்குவென்ஸை நகலெடுத்து, ப்ராஜெக்டை வேறு பெயரில் சேமித்த பிறகே ரெக்கார்டு பொத்தானைத் தொடுங்கள்.