ஒப்புக்குச் சப்பாணி

கேள்வி: ஆசிரியருக்கு வணக்கம். மகள் சொன்னாள் என்று 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்தேன். 1980-இல் ஒரு பள்ளிக்கூடத்தில் எதிலும் ஒட்டாமல் திரியும் பிள்ளைகளின் கதை. ஒரே வாரத்தில் 18 பகுதிகளையும் முடித்தேன். பல இடங்களில் அழுதுவிட்டேன். நானும் அதே வருஷங்களில் காரைக்குடியில் படித்தவன்தான். பூஜை லீவில் எங்கள் செட் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் கூடியது. வகுப்பில் 58 பேர். 37 பேர் வந்திருந்தோம். பேச்செல்லாம் பள்ளிக்கூடம்தான். அந்தப் பொற்காலத்தை நம் ஊரில் யாராவது இப்படித் தொடராக எடுக்கக் கூடாதா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: பொற்காலமா? அண்ணே, இரண்டு பேரும் ஒரே தொடரைத்தான் பார்த்தோமா?

நான் பார்த்ததில் லிண்ட்சே என்று ஒரு பெண், கணக்குப் போட்டிகளில் ஜெயிக்கிறவள். சாகக் கிடந்த பாட்டியிடம் "அந்தப் பக்கம் ஏதாவது தெரிகிறதா" என்று கேட்கிறாள். ஒன்றுமே இல்லை என்கிறாள் பாட்டி. அன்றோடு கணக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அப்பாவின் பழைய ராணுவச் சட்டையை மாட்டிக்கொண்டு, உருப்படாதவர்கள் என்று பள்ளியே ஒதுக்கிய கூட்டத்தோடு போய் நிற்கிறாள். அவள் தம்பி சாமும் அவன் சேக்காளிகள் இரண்டு பேரும் தினம் யாரிடமாவது மாட்டிக்கொள்கிறார்கள். இதில் பொன் எங்கே இருக்கிறது?

இதை உருவாக்கிய பால் ஃபீக், டெட்ராய்ட் நகரத்தை ஒட்டிய ஊரில் வளர்ந்தவர். கதையும் அந்தப் பக்கத்தில்தான் நடக்கிறது. அவரும் தயாரிப்பாளர் ஜட் அபடாவும் எழுத வந்தவர்களிடம் முதலில் கேட்டது, பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு நடந்ததிலேயே மோசமானது எது என்பதைத்தான். அந்த அவமானங்களைக் கோத்துத்தான் கதை செய்தார்கள். 1999 செப்டம்பரில் என்.பி.சி. என்ற அமெரிக்க சேனலில் தொடங்கியது, அதுவும் சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு. இளவட்டங்கள் வீட்டில் தங்காத நேரம். இந்தப் பிள்ளைகள் அவ்வப்போது ஜெயிக்கிற மாதிரி காட்டக் கூடாதா என்று நிர்வாகம் நச்சரித்தது. கடைசியில், எடுத்த 18 பகுதிகளில் 12 ஓடியதும் நிறுத்திவிட்டது. கதையில் வரும் பாட்டுகளுக்கு உரிமை வாங்கிச் சேர்த்து டிவிடி வெளியாக 2004 ஆகிவிட்டது. அதில் நடித்த பையன்கள் பின்னால் பெரிய நட்சத்திரங்களானது வேறு கதை.

ஜெயிக்கச் சொன்னார்கள் அல்லவா, அவர்கள் ஜெயித்ததைப் பாருங்கள். பில் என்று சோடாபுட்டிக் கண்ணாடிப் பையன் ஒருவன். விளையாட்டுப் பீரியடில் ஆள் பிரிக்கும்போது கடைசியாக மிஞ்சுகிறவன் அவன்தான். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல், பெயர் சொல்லாமல் விளையாட்டு வாத்தியாருக்குப் போன் போட்டுத் திட்டுகிறான். அடுத்த தடவை ஆள் பிரிக்கும் பொறுப்பு இவர்கள் கைக்கு வருகிறது. ஆட்டம் பேஸ்பால். உயரப் போன பந்து ஒன்றைப் பில் பிடித்தும் விடுகிறான். அவ்வளவுதான், சேக்காளிகள் ஓடிவந்து கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். ஆட்டம் முடியவில்லை, ஒரு ஆள்தான் அவுட். இவர்கள் குதித்துக்கொண்டிருக்க, எதிர் அணி பாட்டுக்கு ஓடி ஓடிப் புள்ளி எடுக்கிறது. இவர்களுக்கு அது கண்ணிலேயே படவில்லை. இப்படி ஒரு வெற்றியை எழுத அந்தப் பந்தை வாழ்க்கையில் ஒரு தடவையாவது விட்டிருக்க வேண்டும்.

நம் ஊரில் பில்லுக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? ஒப்புக்குச் சப்பாணி. தண்ணீர் வற்றிய கண்மாயில் ஆள் பிரித்து, இரண்டு பக்கமும் சரியாகப் போக ஒருவன் மிஞ்சினால், பந்து பொறுக்க அவன். கணக்கில் வர மாட்டான், அடித்தாலும் ரன் கிடையாது. அந்தப் பெயரே எவ்வளவு கொடுமை என்று அன்றைக்கு நம்மில் யாருக்கும் உறைக்கவில்லை.

இன்னொரு காட்சி. பில் பள்ளி விட்டு வருகிறான். வீட்டில் யாரும் இல்லை. தனக்குத் தானே ரொட்டி சுட்டு, டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, யாரோ சொல்லும் ஜோக்குக்கு வயிறு குலுங்கச் சிரிக்கிறான். வசனமே கிடையாது, பின்னால் பாட்டு மட்டும். நீங்கள் அழுத இடங்களில் இதுவும் ஒன்றாக இருக்கும், எனக்கும் தொண்டை அடைத்தது. நம்முடைய ஒப்புக்குச் சப்பாணிகள் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள்? 1980-இல் இந்தப் பக்கம் டிவி ஏது? இலங்கை வானொலி இருந்தது, வீட்டில் ரேடியோ இருந்தவர்களுக்கு.

தொடர் எடுக்கக் கூடாதா என்கிறீர்கள். பள்ளிக்கூடத்தை வைத்து நம் ஆட்களும் எடுத்தார்கள், விஜய் டிவியில் 2006-இல் 'கனா காணும் காலங்கள்' வந்ததே. ஆனால் நம் சீமைக்குக் கேமரா வந்தால் நேரே பெரிய வீட்டு முகப்புக்குத்தான் போகும். ஆத்தங்குடிக் கல்லும் பர்மாத் தேக்குத் தூணும் வேண்டும், அதற்கு நடுவே பட்டுப்புடவையில் இரண்டு பேர் சொத்துக்குச் சண்டை போட வேண்டும். பஸ் ஸ்டாண்டில் பையைக் கட்டிக்கொண்டு, தெரிந்த பையன்கள் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் நிற்கிறவனை எடுக்க யார் வருவார்கள்? அப்படியே வந்தாலும் கதையைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்களும் நானும் இல்லை. உங்கள் 37 பேரும் இல்லை என்றே நினைக்கிறேன். வராத 21 பேரிடம் கேட்டுப் பார்க்கலாம். நாலைந்து பேர் காலமாகியிருப்பார்கள், சிலர் வெளிநாட்டில் இருப்பார்கள், சரி. மற்றவர்களுக்கு யாராவது போன் போட்டீர்களா? போட்டிருந்தால், ஏன் வரவில்லை என்று கேட்டீர்களா?

உங்களை மட்டும் குத்திக்காட்டுவது நியாயமில்லை. எங்கள் வகுப்பில் ஒருவனுக்கு வாய் திக்கும். வருகைப் பதிவில் அவன் பெயர் வந்ததும் எழுந்து "உ... உ..." என்று நிற்பான். அவன் முடிப்பதற்குள் மொத்த வகுப்பும் "உள்ளேன் ஐயா" என்று கத்தும். வாத்தியாரும் சிரித்துக்கொண்டே அடுத்த பெயருக்குப் போய்விடுவார். முதலில் குரல் எடுத்துக் கொடுத்தது நான்தான். வருஷம் முழுக்க அவன் ஒருநாளும் தன் வாயால் அதைச் சொல்லி முடித்ததில்லை. எங்கள் செட் கூடும்போது இதைச் சொல்லி இன்னமும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் புதுவயலில் ஒரு அரிசி ஆலை வாசலில் அவரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் அடையாளம் கண்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். நான் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு நெல் விலைக்குப் போய்விட்டார். மூட்டை என்ன விலை என்று சொல்ல வந்த இடத்தில் வார்த்தை நின்றது. இன்ன தொகை என்று எனக்கு முன்பே தெரியும். முந்திக்கொண்டு அதை எடுத்துக் கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டு இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.