அந்த ரெப் முகத்தில் எப்படி விழிப்பது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 41. தென் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் உதவிப் பேராசிரியர். மாலையில் சொந்தக் கிளினிக். போன வருஷம் ஐப்பசியில் அப்பா தவறிவிட்டார். மின்வாரியத்தில் கணக்கராக இருந்து, பி.எஃப். லோன் போட்டு என்னைப் படிக்கவைத்தவர். அவருடைய முதல் வருஷத் திதி வெள்ளிக்கிழமை வருகிறது. அந்த வாரம் வியாழன் முதல் ஞாயிறு வரை கோவாவில் எங்கள் துறையின் தேசிய மாநாடு. நான் மூத்த மகன். தம்பி, "நான் பாத்துக்கிடுதேன், நீ போயிட்டு வா" என்கிறான். அம்மாதான், "எள்ளும் தண்ணியும் விட மூத்தவன் வரமாட்டானா?" என்று கேட்டார். அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. என் மனைவியும் அவர் பக்கம். டாக்டர் என்றால் தொடர்ந்து படித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கான கூட்டங்களில் உட்கார்ந்து கிரெடிட் ஹவர்ஸ் வேறு சேர்க்க வேண்டும் என்பதை அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது? டிக்கெட்டும் ரூமும் மருந்துக் கம்பெனிக்காரர்கள் தங்கள் ரெப் (விற்பனைப் பிரதிநிதி) மூலமாக ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். இப்போது வரவில்லை என்றால் அந்த ரெப் முகத்தில் எப்படி விழிப்பது? தொழிலா, குடும்பமா என்று வந்தால் என்னைப் போன்றவர்கள் என்னதான் செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத மருத்துவர், திருநெல்வேலி

பதில்: டாக்டர், தொழிலா குடும்பமா என்று கேட்டு வரும் கடிதங்கள் என் மேசையில் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலும் அந்த இரண்டுமே அங்கே பிரச்சினையாக இருக்காது. உங்கள் கடிதமும் அப்படித்தான். அம்மாவைச் சமாதானப்படுத்த நாலு நல்ல வார்த்தை சொல்லித்தருவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்லப்போவதில்லை.

போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அந்த ரெப் முகத்தில் எப்படி விழிப்பது?" அதைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். பெற்ற தாய் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் முகத்தில் விழிக்க உங்களுக்குச் சங்கடம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அவருக்குப் புரியவைக்க வழிதான் கேட்கிறீர்கள். கிளினிக் வாசல் பெஞ்சில் கடைசி நோயாளி போகும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற ஒரு பையன், உங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவன், அவன் முகத்தில் விழிக்கத்தான் உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏன்?

வாங்கிவிட்டீர்கள், அதனால்தான். கை நீட்டி வாங்காதவனுக்கு யார் முகத்தைப் பார்க்கவும் கூச்சம் வராது. வாங்கினால் தப்பா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கக்கூடத் தோன்றவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். பால் பாக்கெட் வந்துவிட்டது என்பதைப் போல, "டிக்கெட் போட்டுவிட்டார்கள்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

சட்டம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இருந்தாலும் சொல்கிறேன். 2002-ல் வந்த மருத்துவர் நடத்தை விதிகளில் 2009 டிசம்பரில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். மாநாடு, கருத்தரங்கு எதற்கானாலும் சரி, பார்வையாளராகப் போகும் மருத்துவர் தனக்கோ குடும்பத்துக்கோ மருந்துக் கம்பெனியிடமிருந்து ரயில் டிக்கெட்கூட வாங்கக் கூடாது. 2016-ல் தண்டனையையும் எழுதிவைத்தார்கள். வாங்கியது ஐயாயிரம் ரூபாயைத் தாண்டினால் மூன்று மாதம் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம். பத்தாயிரத்தைத் தாண்டினால் ஆறு மாதம். கோவாவுக்கு விமானம், மூன்று நாலு ராத்திரி ஓட்டல் என்று கூட்டிப் பார்த்து, நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். போதாததற்கு அரசு ஊழியர் வேறு. அந்த நடத்தை விதிகள் தனியாக இருக்கின்றன.

"அதெல்லாம் இப்போ இல்லையே, நிறுத்திவைச்சாச்சே" என்று சில மருத்துவர்கள் சொல்வதுண்டு. 2023 ஆகஸ்ட் 2-ஆம் தேதி தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகள் கொண்டுவந்தது, அதே மாதம் 23-ஆம் தேதி நிறுத்திவைத்தது. நிறுத்திவைத்தது புதியதை. பழைய 2002 விதிகள் அப்படியே நிற்கின்றன. 2024 மார்ச்சில் மத்திய மருந்துத் துறை கம்பெனிகளுக்கும் ஒரு நடத்தைக் கோவை போட்டது. பேச்சாளராக வரும் மருத்துவரைத் தவிர வேறு யாருக்கும் பயணம், தங்குமிடம் தரக் கூடாது என்கிறது அது. அதனால் ஒன்று செய்யுங்கள். அந்த ரெப்பிடம், "என் பேரை எந்தத் தலைப்புல போட்டிருக்கீங்க?" என்று கேளுங்கள். நீங்கள் பேசவே போகாத ஓர் அமர்வில் உங்கள் பெயர் பேச்சாளர் என்று இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

சரி, சட்டத்தை விடுங்கள். "டிக்கெட் வாங்கினதுக்காக என் பேனா வேறு மாதிரி எழுதாது" என்பீர்கள். நம்பித்தான் சொல்வீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. 1992-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு பெரிய மருத்துவமனையின் மருத்துவர்கள் சிலரை, வெயில் காயும் உல்லாச ஊர்களில் நடந்த இரண்டு கருத்தரங்குகளுக்கு மருந்துக் கம்பெனிகள் முழுச் செலவும் ஏற்று அழைத்துப் போயின. போகும் முன்பே அவர்களிடம் கேட்டபோது, இதெல்லாம் தாங்கள் மருந்து எழுதுவதை மாற்றாது என்று பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். அப்புறம் அந்த மருத்துவமனையின் மருந்தகக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு மருந்தின் பயன்பாடு 81 யூனிட்டிலிருந்து 272-க்கு ஏறியிருந்தது. இன்னொன்று 34-லிருந்து 87-க்கு. அந்த மருத்துவர்கள் யாரும் பொய் சொன்னவர்கள் இல்லை. உங்களைப் போல நல்லவர்கள்தான்.

கம்பெனிக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். உங்கள் ரெப்புக்கு மாத டார்கெட் இருக்கிறது. அவனுக்கு மேலே இருக்கிற ஏரியா மேனேஜரிடம், எந்த டாக்டருக்கு எவ்வளவு செலவழித்தோம், அந்த வட்டாரக் கடைகளில் எவ்வளவு போனது என்று பட்டியல் இருக்கும். காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் நீங்கள் எழுதுவது மருந்தின் பெயர். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கிவைத்த மாத்திரையை நோயாளி காசில்லாமல் வாங்கிப்போகிறார். அதில் கம்பெனிக்கு உங்களால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. மாலையில் கிளினிக்கில் எழுதுவது கம்பெனி வைத்த பிராண்ட் பெயர். அந்த டிக்கெட் உதவிப் பேராசிரியருக்கு வந்தது இல்லை டாக்டர், கிளினிக்குக்கு வந்தது.

காசு எங்கிருந்து வருகிறது? இப்படி டாக்டர்களுக்கு இனாம் கொடுத்த செலவுக்கு வருமான வரியில் கழிவு கேட்டு ஒரு கம்பெனி உச்ச நீதிமன்றம்வரை போனது. நாலே முக்கால் கோடி ரூபாய்க்கு வழக்கு. 2022 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தார்கள். அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது, இந்த இனாம் எதுவும் உண்மையில் இனாம் இல்லை, அதன் செலவு மருந்து விலையில்தான் ஏறுகிறது என்று. அதாவது உங்கள் ஓட்டல் அறைக்கு வாடகை கட்டுகிறவர், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் உங்கள் சீட்டை நீட்டி மாத்திரை வாங்குகிற ஆள். பாதிப் பேர் உங்கள் அப்பாவைப் போல பென்ஷன்காரர்களாக இருப்பார்கள். அவர் தன் பி.எஃப். பணத்தில் கைவைத்து உங்களைப் படிக்கவைத்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். படிப்புக்கு யார் காசு தரவேண்டும் என்பதில் அந்த மனிதருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

கிரெடிட் ஹவர்ஸ் என்ற காரணத்தை அம்மாவிடம் சொல்லுங்கள், நம்பிவிடுவார். என்னிடம் வேண்டாம். விதி கேட்பது ஐந்து வருஷத்தில் 30 மணி நேரம். வருஷத்துக்கு ஆறு. உங்கள் கல்லூரியிலும் ஊர்ச் சங்கத்திலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் உட்கார்ந்தாலே சேர்ந்துவிடும். அதற்குக் கடற்கரை தேவையில்லை.

நான் மாநாட்டுக்கு எதிரி இல்லை. மாவட்டத்தில் வேலை பார்க்கிற மருத்துவர் அவசியம் போகவேண்டும் என்பேன். புத்தகத்தில் ஏறப் பல வருஷம் பிடிக்கிற விஷயத்தை அங்கே சூட்டோடு கேட்கலாம். மேடையில் உறுதியாகப் பேசியவரை டீ நேரத்தில் மடக்கி, "சார், எங்க ஆஸ்பத்திரியில இந்த டெஸ்ட் கிடையாது, அப்போ என்ன பண்றது?" என்று கேட்கலாம். அந்தப் பதிலுக்காகவே போகலாம். ஆனால் முக்கால்வாசிப் பேர் எப்படிப் போய்வருகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். முதல் நாள் காலையில் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டால் ஸ்டாலாகச் சுற்றிப் பேனாவும் பையும் சேர்ப்பது. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஹாலைப் பார்த்தால், முன்வரிசையில் அடுத்துப் பேசவேண்டியவர்கள் மட்டும் குறிப்பைப் புரட்டிக்கொண்டு இருப்பார்கள். பின்வரிசை நாற்காலிகளில் பைகள் மட்டும் உட்கார்ந்திருக்கும். சொந்தக் காசு கட்டினவன் அப்படி எழுந்து போகமாட்டான். பதிவுக் கட்டணம் கட்டி, டீனிடம் முறைப்படி ஓ.டி. (பணி நிமித்த அனுமதி) வாங்கி, ரயிலில் போய், காலை முதல் அமர்வுக்கே இடம் பிடிப்பான். திரும்பி வந்து வார்டு ரவுண்ட்ஸில் பி.ஜி. மாணவர்களுக்கும் நர்சுகளுக்கும் நாலு புது விஷயம் சொல்வான். நீங்கள் போன முறை போய்வந்து என்ன சொன்னீர்கள் என்று உங்கள் பி.ஜி.க்களைக் கேட்டுப் பாருங்கள். அதுதான் நீங்கள் கற்றுக்கொண்டதன் அளவு.

இப்போது அம்மா. தம்பி செய்தாலும் திதி நடந்துவிடும். அது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கேட்பது சாஸ்திரத்துக்காக இல்லை. முதல் வருஷம், பாபநாசத்திலோ குறுக்குத்துறையிலோ படித்துறையில் ஐயர் பெயர் கேட்கும்போது, அப்பா பெயரை மூத்த மகன் வாய் சொல்லக் கேட்கவேண்டும் அவருக்கு. நான் பழைய ஆள். முதல் வருஷத் திதியில் மூத்தவன் இருந்தே ஆகவேண்டும் என்றுதான் சொல்வேன். அவசர வார்டில் நீங்கள் பார்க்கவேண்டிய ஒரு உயிர் கிடக்கிறது என்று எழுதியிருந்தால், யோசிக்காமல் போங்கள் என்றிருப்பேன். உங்கள் அம்மாவும் அப்படியே சொல்லியிருப்பார், டாக்டரைப் பெற்றவர்களுக்கு அதெல்லாம் பழக்கம். நோயாளிக்காக எழுந்து போகிற மகனை எந்தத் தாயும் தடுப்பதில்லை. கோவாவுக்குப் போகிற மகனை ஏன் தடுக்கிறார் என்று உங்களுக்கே புரிகிறது, அதனால்தான் எனக்குக் கடிதம் போட்டீர்கள்.

இன்னொன்று. பஞ்சாங்கம் சித்திரையிலேயே கைக்கு வந்துவிடுகிறது. ஐப்பசியில் எந்த நாள் திதி என்று அப்போதே பார்த்திருக்கலாம். மாநாட்டுத் தேதி பல மாதம் முன்பே அறிவித்திருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ரெப்பிடம் சரி என்று தலையாட்டியது நீங்கள். இதில் அம்மா மீது வருத்தப்பட என்ன இருக்கிறது? உங்கள் மனைவி இதைச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். "அவர் பக்கம்" என்று அவரை ஒரே வார்த்தையில் ஒதுக்கியிருக்கிறீர்கள். வீட்டில் விவரமாகப் பேசுகிற ஒரே ஆள் அவர்தான் போலிருக்கிறது.

செய்யவேண்டியது கடினமில்லை. ரெப்பை இன்று மாலையே கூப்பிடுங்கள். கடைசி நோயாளிக்கு அப்புறம் இல்லை, முதல் ஆளாக. அப்பா திதி என்று காரணம் சொல்லித் தப்பிக்க வேண்டாம். சொன்னால் அடுத்த மாநாட்டுக்கு டிக்கெட்டோடு வந்து நிற்பான். "இனிமே எனக்கு டிக்கெட், ரூம் எதுவும் வேண்டாம் தம்பி, உங்க மேனேஜர்ட்டயும் சொல்லிருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அவன் கொஞ்சம் திகைப்பான், அவ்வளவுதான். தினமும் எத்தனையோ டாக்டர்களிடம் "அப்புறம் வா" என்று கேட்கிற பிள்ளை அவன். நீங்கள் மறுத்ததற்காக உடைந்துபோகமாட்டான். அவன் வேலை போய்விடுமோ என்ற கவலையும் வேண்டாம், அந்தப் பட்டியலில் உங்களுக்கு அடுத்த பெயர் தயாராக இருக்கும். டிக்கெட்டை ரத்து செய்ததில் எவ்வளவு பிடித்தார்கள் என்று கேட்டு, அதைக் கம்பெனி கணக்கில் கட்டி, ரசீது வாங்கி வையுங்கள். ரசீது தரத் தயங்கினால் அந்தச் செலவை எந்தப் பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்று அதிலிருந்தே தெரிந்துகொள்வீர்கள்.

அம்மாவிடம் நீளமாகப் பேச வேண்டாம். வியாழக்கிழமை காலையில் இருந்து லீவு போட்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள், போதும். எள், தர்ப்பை, வாழையிலை என்று வாங்கவேண்டியதைத் தம்பி தலையில் கட்டாமல் நீங்களே போய் வாங்குங்கள். அடுத்த வருஷ மாநாட்டுக்கு இப்போதே பதிவு திறந்திருந்தால், முன்பதிவுச் சலுகை முடிவதற்குள் உங்கள் சொந்தக் கார்டில் கட்டிவிடுங்கள். மாலைக் கிளினிக் வைத்திருக்கிறவருக்கு அது ஒரு தொகையே இல்லை.