வாசகர் கேள்வி: திருச்சியிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனைப் பார்க்க முதன்முறையாக விமானம் ஏறப் போகிறேன். பயணச்சீட்டில் உள்ள நேரங்களைக் கணக்கிட்டால் போவதற்கு ஆறரை மணி நேரமும், திரும்புவதற்கு ஒன்றரை மணி நேரமும் வருகிறது. இது எப்படிச் சாத்தியம்?
– வாசகி ஒருவர், திருத்துறைப்பூண்டி

பதில்: உங்கள் கணக்கில் பிழையில்லை, அம்மா. பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படுகிறது. சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் இருப்பதால், போகும்போது அதைக் கழிக்கவும், திரும்பும்போது கூட்டவும் வேண்டும். அப்படிச் செய்தால் இரு வழியிலும் சுமார் நான்கு மணி நேரமே வரும்.

திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். உயரத்தை எட்டிய பிறகு மணிக்கு 800 முதல் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு மூன்றரை மணி நேரம் போதும் என்று தோன்றலாம்; ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலேறவும், இறங்கவும் ஆகும் நேரம் அதனுடன் சேருகிறது. காற்றின் திசையைப் பொறுத்தும் சில நிமிடங்கள் மாறும். நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிய நம் முன்னோர் இதே கடலைக் கடக்கப் பல நாட்கள் அலைகளோடு பயணம் செய்தார்கள் என்பதை நினைக்கையில் நெஞ்சு நெகிழ்கிறது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குச் சாலைவழியே வரவே சில மணி நேரம் ஆகும் என்பதாலும், பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருப்பது நல்லது என்பதாலும், வீட்டிலிருந்து நிதானமாக, முன்கூட்டியே புறப்படுங்கள்.